ரோட்டரி கட்டரும் பத்து விரல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் தைக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தையலைப் பற்றி அல்ல, அந்த வட்டக் கத்தியைப் பற்றித்தான். சிலர் அதைத் தொடவே பயப்படுகிறார்கள், சிலர் பயமே இல்லாமல் தொடுகிறார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரோட்டரி கட்டர் என்றால் என்ன? கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது இது எதற்கு?

பீட்சா வெட்டும் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்புதான்: ஒரு கைப்பிடி, அதன் நுனியில் சுழலும் வட்டப் பிளேடு. வித்தியாசம் கூர்மையில் இருக்கிறது. பீட்சா சக்கரம் விரலில் பட்டால் துடைத்துவிட்டுப் போகலாம். இது சவர பிளேடுக்குச் சமம்.

1979இல் இதை முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஓல்ஃபா நிறுவனம். நுனி மழுங்கினால் ஒடித்துவிட்டு அடுத்த துண்டைப் பயன்படுத்துகிறோமே, அந்த நீளக் கட்டரை 1956இல் உருவாக்கிய யோஷியோ ஒகாதாவின் நிறுவனம்தான் இது. சாக்லேட் பட்டையைக் கோடு பார்த்து ஒடிப்பதிலிருந்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கும் பிளேடு' என்ற சொற்களிலிருந்து வந்ததுதான். உடை தைப்பவர்களுக்காகச் செய்த வட்டக் கட்டரை அமெரிக்கக் குவில்ட்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் அதை விடவே இல்லை.

காரணம் எளிது. கத்தரிக்கோல் வெட்டும்போது துணியை மேசையிலிருந்து கொஞ்சம் தூக்குகிறது. தூக்கினால் துணி நகரும். ஒரு துண்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. அப்படி இருபது துண்டுகளை வரிசையாக இணைத்தால் இரண்டு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். கட்டர் துணியைத் தூக்காது, படுத்த நிலையிலேயே வெட்டும். நாலு மடிப்பை ஒரே இழுப்பில் வெட்டும் என்பது கூடுதல் லாபம். அதே வேகத்தில் விரலையும் வெட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

பெரும்பாலும் எப்போது வெட்டுப்படுகிறது?

துணியை வெட்டும்போதுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்போதும் படும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த மோசமான வெட்டுகள் வெட்டி முடித்த பிறகு பட்டவை. கட்டரைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு வெட்டிய துணியை ஒதுக்குவோம். துணிக்கு அடியில் கட்டர் மறைந்துவிடும். அப்புறம் குண்டூசிக்காகக் கையை நீட்டுவோம். அவ்வளவுதான்.

என் கதையும் அதேதான். பழகி இரண்டு வருடம் ஆன பிறகு, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஃபோன் அடித்தது. கட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டு, கண்ணை ஃபோனில் வைத்துக்கொண்டு துணியைத் தள்ளினேன். சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை ஓரத்தில் மூன்று தையல். துணிக்குப் போட வேண்டிய தையலை டாக்டர் எனக்குப் போட்டார்.

எங்கள் பாட்டி அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது யாராவது கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் மணையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவசரம் என்று ஒரு நாளும் அதை விட்டதில்லை. யோசித்துச் செய்தது இல்லை, கை தானாகச் செய்தது. கட்டரை மூடுவதும் அப்படி ஆக வேண்டும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும், கையிலிருந்து கீழே வைக்கும் முன்பே மூடி விழ வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு வெட்டுதானே' என்று விட்டால் பழக்கம் வராது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் துணியே கொடுப்பதில்லை. திற, உருட்டு, மூடு, வை. இதையே ஐம்பது தடவை வெறும் மேட்டில் (வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் விரிப்பு, கட்டிங் மேட்) செய்யச் சொல்கிறேன். திட்டிக்கொண்டேதான் செய்கிறார்கள்.

தானாக மூடிக்கொள்ளும் கட்டர் இருக்கிறதாமே, அதை வாங்கினால் கவலை இல்லையா?

கவலை குறையும். கைப்பிடியை அழுத்தினால் பிளேடு வெளியே வரும், விட்டால் உள்ளே போகும் வகை இருக்கிறது. மறதிக்காரர்களுக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பலவற்றில் பிளேடை வெளியிலேயே நிறுத்தும் பூட்டும் உண்டு. நீளமாக வெட்டும்போது கை வலிக்கிறதென்று அதைப் போட்டுவிட்டால் சாதாரணக் கட்டரும் அதுவும் ஒன்றுதான். அதே பூட்டை மூடிய நிலையிலும் போடலாம் என்றால் பைக்குள் வைக்கும்போது அப்படிப் போட்டு வையுங்கள்.

எந்த அளவு வாங்குவது?

18, 28, 45, 60 மில்லிமீட்டர் என்று பிளேடின் குறுக்களவை வைத்துச் சொல்வார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 45. வளைவுகளுக்கு 28 வசதி. 60 தடித்த அடுக்குகளுக்கு, மணிக்கட்டு வலிக்காரர்களுக்கும் கொஞ்சம் சுகம், ஏனென்றால் பெரிய சக்கரம் குறைந்த தள்ளலில் உருளும். 18ஐ நான் வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் அதிகம்.

இடது கையை எங்கே வைப்பது? ஸ்கேல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். வெட்டும் கைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஸ்கேலைப் பிடிக்கும் கைதான் மாட்டும். இடதுகைக்காரர்கள் இதை அப்படியே திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையைப் பரப்பி ஸ்கேல் மேல் அழுத்தாதீர்கள். பரப்பிய கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெரியாமல் வெட்டும் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கையைச் சிலந்தி போல வையுங்கள்: விரல் நுனிகள் மட்டும் ஸ்கேலில், உள்ளங்கை மேலே தூக்கியிருக்க வேண்டும். எந்த விரலும் வெட்டும் ஓரத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் வரக் கூடாது. சுண்டுவிரலை மட்டும் ஸ்கேலின் மறுபக்க ஓரத்தைத் தாண்டி, துணி மேலோ மேட் மேலோ ஊன்றிக்கொள்ளுங்கள். ஸ்கேல் பக்கவாட்டில் நழுவாமல் அது முட்டுக் கொடுக்கும்.

அடுத்தது நீளம். 44 அங்குல அகலத் துணியைக் கரையோடு கரை சேர்த்து மடித்தால் 22 அங்குலம் வரும். அதனால்தான் குவில்ட் ஸ்கேல் 24 அங்குல நீளத்தில் விற்கிறார்கள். அவ்வளவு நீளத்தை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்க முடியாது. அடியில் அழுத்தினால் தலைப் பக்கம் நகரும், தலையில் அழுத்தினால் அடி நகரும். நகர்ந்த ஸ்கேலை விரலால் தடுக்கப் போகும்போதுதான் பிளேடு விரலைச் சந்திக்கிறது. எனவே கை நடக்க வேண்டும். உங்கள் இடது கைக்கு நேர் வரும்வரை வெட்டுங்கள். நிறுத்துங்கள். பிளேடைத் துணியிலிருந்து எடுக்காமல் அங்கேயே அழுத்தி வையுங்கள். இப்போது இடது கையை ஆறேழு அங்குலம் மேலே நகர்த்தி ஊன்றுங்கள். மறுபடி வெட்டுங்கள். கட்டர் உருளும்போது இடது கை நகரக் கூடாது, இடது கை நகரும்போது கட்டர் உருளக் கூடாது. இரண்டும் சேர்ந்து நகர்ந்த ஒரு நொடியில்தான் என் மாணவி ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியைச் சீவிக்கொண்டார். நகத்தோடு.

வழுக்கலுக்கு, ஸ்கேலின் அடியில் ஒட்டும் சொரசொரப்பு வட்டங்கள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் நல்ல மணல்தாளைச் சின்னப் பொட்டுகளாக வெட்டி ஒட்டினாலும் போதும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியை ஸ்கேல் மேல் பொருத்தினால் விரல்கள் ஓரத்துக்கு வர வாய்ப்பே குறைவு. விரல் மரத்துப்போனவர்களுக்கு அதுதான் நல்லது.

வீட்டில் இருக்கும் ஸ்டீல் ஸ்கேல் போதாதா?

போதாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்டீல் ஸ்கேல் மெல்லியது, பிளேடு கொஞ்சம் சாய்ந்தால் அதன் மேல் ஏறிவிடும். ஏறினால் நேராக விரலுக்குத்தான் போகும். போதாததற்கு இரும்பில் உரசி பிளேடு சொட்டையாகும். மர ஸ்கேலைப் பிளேடு செதுக்கும். குவில்ட்டுக்கென்று வரும் அக்ரிலிக் ஸ்கேல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமன்தான் சுவர். சுவர் ஒளி ஊடுருவுவதால் அடியில் துணியும் தெரியும்.

தரையில் உட்கார்ந்து வெட்டலாமா? நம் வீடுகளில் அதுதானே வசதி.

வசதிதான், கத்தரிக்கோலுக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முழங்காலும் தொடையும் மேட்டுக்கு ஒட்டியே இருக்கும். குனிந்து எட்டும்போது தோளின் பலம் கட்டருக்கு வராது, மணிக்கட்டால் அமுக்குவோம், கட்டுப்பாடு போய்விடும். நின்றுகொண்டு, இடுப்பு உயர மேசையில் வெட்டுங்கள். சாப்பாட்டு மேசை பலருக்குத் தாழ்வாக இருக்கும். அடுப்பு மேடையின் உயரம்தான் சரி. சமையல் முடிந்த மதியத்தில் மேடையைத் துடைத்துவிட்டு அங்கேயே மேட்டை விரிப்பவர்களை எனக்குத் தெரியும். அடுப்பு ஆறியிருக்கட்டும், மேட் சூட்டில் வளைந்துவிடும்.

காலில் செருப்பு வேண்டும், முன்பக்கம் மூடியதாக. வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளிக்கலாம். திறந்த கட்டர் மேசையிலிருந்து விழுந்தால் முதலில் பார்ப்பது பாதத்தைத்தான். விழும் கட்டரைப் பிடிக்கப் போகாதீர்கள். கையைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போங்கள். பிளேடு போனால் போகட்டும்.

இன்னொன்று: ஃபேன். நேர் மேலே ஐந்தில் ஓடும் ஃபேன் துணியின் முனையைத் தூக்கும், நாம் பட்டென்று கையால் அமுக்குவோம். வெட்டும் நேரத்துக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அசையாமல் நின்று முதலில் பிளேடை மூடுங்கள். டார்ச் அப்புறம்.

உடம்பை நோக்கி இழுத்து வெட்டினால் என்ன? எனக்கு அதுதான் நேராக வருகிறது.

நேராக வரலாம். கை தவறினால் வயிற்றுக்கும் நேராகவே வரும். எப்போதும் உங்களிடமிருந்து வெளியே தள்ளியே வெட்டுங்கள். பக்கவாட்டில் கையைக் குறுக்கே கொண்டுபோயும் வெட்டாதீர்கள். துணி கோணத்தில் இருந்தால், துணியை இழுக்காமல் மேட்டையே சுழற்றித் திருப்புங்கள். வெட்டு தொடங்கும் இடத்தில் பிளேடைத் துணிக்கு வெளியே, மேட் மேல் வைத்துத் தொடங்கினால் முதல் இழையிலிருந்தே நேராக ஓடும். முன்னும் பின்னுமாக அறுப்பதும் வேண்டாம். ஒரே தள்ளலில் வெட்டவில்லை என்றால் பிளேடுதான் மழுங்கியிருக்கிறது.

பிளேடு மழுங்கியது எப்படித் தெரியும்? மழுங்கினால் ஆபத்து குறைவுதானே?

தலைகீழ். கூர்மையான பிளேடுக்குக் கையின் கனமே போதும். மழுங்கியதை முழு பலத்தோடு அமுக்குவீர்கள். அமுக்கினால் ஸ்கேல் நழுவும், பிளேடு தாவும். தோலை வெட்ட மழுங்கிய பிளேடுக்கும் தெரியும். அந்தக் காயம் பிய்ந்ததுபோல இருக்கும், ஆறவும் நாளாகும்.

இரண்டு அடையாளங்கள் உண்டு. வெட்டு முழுவதும் அங்கங்கே இழைகள் அறாமல் நின்றால் பிளேடு தேய்ந்துவிட்டது. ஒரே அளவு இடைவெளியில், ஒவ்வொரு புள்ளியில் மட்டும் இழை நின்றால் பிளேடில் ஒரு சொட்டை விழுந்திருக்கிறது. 45 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு சுமார் 14 சென்டிமீட்டர். ஆக 14 சென்டிமீட்டருக்கு ஒரு முறை இழை நிற்கும். அளந்து பாருங்கள், சரியாக வரும். பெரும்பாலும் குண்டூசி மேல் ஏற்றியதுதான் காரணமாக இருக்கும். வெட்டும் முன் குண்டூசிகளைக் கழற்றுங்கள். பட்டுப் புடவையை வெட்டுகிறவர்கள் ஜரிகையைக் கட்டரால் வெட்ட வேண்டாம், உலோக இழை பிளேடைச் சீக்கிரம் தின்றுவிடும். அதற்குப் பழைய கத்தரிக்கோல் போதும்.

அலுமினியத் தாளை வெட்டினால் பிளேடு தீட்டப்படும் என்று வாட்ஸாப்பில் வருகிறது. நானும் செய்து பார்த்தேன். தாள் வீணானது.

பிளேடு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல வெளிச்சம், ஆள் இல்லாத அறை, அவசரம் இல்லாத நேரம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே மேசையில் இடமிருந்து வலமாக வையுங்கள்: நட், வாஷர், பிளேடு, திருகு. அல்லது ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரைத் தலைகீழாகப் போட்டால் பிளேடு ஆடும் அல்லது சுழலாது. பிளேடை ஓரத்தில் தொடாமல் நடுவில் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். புது பிளேடில் மெல்லிய எண்ணெய் தடவியிருக்கும், அதனால் வழுக்கும். கூடவே, அடுக்கில் வரும் பிளேடுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். 0.3 மில்லிமீட்டர் தடிமன்தானே. 'புது பிளேடு போட்டும் வெட்டவே மாட்டேன் என்கிறது' என்று வருபவர்களில் சிலர் இரண்டைச் சேர்த்துப் போட்டவர்கள்.

நட்டை இறுக்கி முடிக்காதீர்கள். பிளேடு தாராளமாக உருள வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. இறுகினால் சுழலாமல் ஒரே இடத்தில் தேயும்.

பழைய பிளேடை எங்கே போடுவது?

குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். அந்தப் பையை வெறுங்கையால் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். காலியான டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, பிளேடுகளை அதற்குள் சேருங்கள். நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, 'பிளேடு, கவனம்' என்று வெளியே பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லி அவர் கையில் கொடுங்கள். என் டப்பா நிறைய மூன்று வருடம் ஆனது. மழுங்கியவற்றை ஒன்றிரண்டு எடுத்துத் தனிக் கட்டரில் போட்டு, காகிதம் வெட்டவும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டருக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

மேட் கட்டாயமா? பழைய அட்டை, லினோலியம் போட்டால்?

கட்டாயம். அட்டையில் பிளேடு புதைந்து இழுக்கும், கண்ணாடியிலும் கல்லிலும் நொடியில் மழுங்கும். தானாகக் கீறலை மூடிக்கொள்ளும் மேட்தான் வேண்டும். தட்டையாகவே வைக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் அப்பளம் ஆகிவிடும். வளைந்த மேட்டில் ஸ்கேல் சரியாக உட்காராது.

ஒரே நேரத்தில் எத்தனை அடுக்கு வெட்டலாம்?

சாதாரணப் பருத்தித் துணி என்றால் 45 பிளேடில் நான்கு. அதற்கு மேல் வெட்டும், ஆனால் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் அளவு மாறும், நீங்களும் அமுக்கத் தொடங்குவீர்கள். வழவழப்பான பழைய புடவைத் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். காகிதம் போல நிற்கும், பிடிக்கவும் எளிது.

வெட்டுப்படாத கையுறை போட்டுக்கொண்டால் நிம்மதியா?

ஸ்கேல் பிடிக்கும் கைக்குப் போடலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் நான் சொல்லியே போட வைக்கிறேன். ஐரோப்பிய ஈஎன் 388 தரத்தில் இந்தக் கையுறைகளைச் சோதிக்கும் முறை ஒன்றில், வட்டப் பிளேடு ஒன்றைத் துணி மேல் முன்னும் பின்னும் உருட்டித்தான் பார்க்கிறார்கள். நம் வேலைக்குப் பொருத்தமான சோதனை. இருந்தாலும் அது வெட்டைத் தாமதப்படுத்தும், தடுத்தே விடும் என்று சொல்ல முடியாது. தொளதொளப்பாக இருந்தால் விரல் நுனித் துணியே பிளேடுக்கு அடியில் போகும். கையளவுக்குச் சரியாக வாங்குங்கள்.

பிள்ளைகள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வயதைவிட, சொன்னதைக் கேட்டு நிற்கும் பொறுமை இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லாத பெரியவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். வேலை முடிந்தால் கட்டர் பூட்டிய அலமாரிக்குள். கூடையில் நூலோடு சேர்த்துப் போட்டு வைத்தால் பூனை உருட்டும், குழந்தை எடுக்கும்.

வெட்டுப்பட்டுவிட்டது. என்ன செய்வது?

முதலில் கட்டரை மூடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை மூடச் சொல்லுங்கள். பதற்றத்தில் இரண்டாவது வெட்டு வாங்கியவர்கள் உண்டு. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம், இடையில் திறந்து பார்க்காமல். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ரத்தம் மறுபடி தொடங்கும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் தையல் போடும் முன் அதைக் கழுவி எடுப்பது உங்களுக்குத்தான் வேதனை. சின்ன வெட்டு என்றால் ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடலாம். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்திருந்தால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால், நுனி மரத்திருந்தால் உடனே மருத்துவமனை. வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல, நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம். ரத்தம் பீச்சினால் அழுத்தியபடியே 108ஐ அழையுங்கள்.

விரல் நுனி துண்டாகவே போயிருந்தால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஐஸ் நேராக அதன் மேல் படக் கூடாது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று டாக்டர் கேட்பார், போகிற வழியில் யோசித்துக்கொள்ளுங்கள்.

துணியில் ரத்தம் பட்டுவிட்டதே?

கட்டுப் போட்டாயிற்றா? சரி. உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். இஸ்திரியும் போடாதீர்கள். சின்னப் பொட்டு என்றால், குவில்ட்காரர்களின் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது: வெள்ளை நூலை வாயில் போட்டு எச்சிலில் நன்றாக நனைத்து, அந்த ஈர நூலால் கறையை ஒற்றி எடுக்க வேண்டும். யாருடைய ரத்தமோ அவருடைய எச்சில்தான் வேலை செய்யும் என்பார்கள். அதை நம்புவதா என்று தெரியவில்லை, ஆனால் என் மூன்று தையல் நாளின் வெள்ளைத் துணியில் இப்போது கறை இல்லை.